இரண்டு நிமிட மௌனம்

ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் காலை 9.25க்கு இலங்கை முழுவதும் இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கப்படுகின்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் மாண்ட 30,000க்கும் மேற்பட்ட நம் மக்களுக்கான அஞ்சலி அது. தலைகுனிந்து நின்றபின் அவரவர் வேலைக்குத் திரும்புகின்றோம். இம்மௌனத்துக்குப் பொருள் உண்டா, அன்றி வெறுஞ் சடங்குதானா?

பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயின் மௌனத்தை எடைபோட எவருக்கும் உரிமையில்லை. நாம் இங்கு ஆராய்வது, அரசும் சமுதாயமும் கூடிநின்று அனுட்டிக்கும் பொது மௌனத்தையே.

முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளின் முதலாவது ஆண்டு நிறைவில், 1919 நவம்பர் 11 காலை 11 மணிக்கு, எல்லா வேலைகளையும் நிறுத்தி இரண்டு நிமிடம் மௌனமாக இருக்குமாறு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பேரரசின் மக்களைக் கேட்டுக்கொண்டார். மாண்டவர்களை நினைக்கச் சொன்ன அவ்வேண்டுகோள், அவர்களைப் போர்க்களத்துக்கு அனுப்பியவர் யார் என்று கேட்கச் சொல்லவில்லை.

இலங்கையில் அக்கேள்வி ஒரு பூவின் வடிவில் எழுந்தது. நவம்பர் 11இல் இங்கு விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாயில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. போரிலிருந்து மீண்ட இலங்கையரின் நிலையைக் கண்ட ஏலியன் பெரேரா, 1931இல் அதற்கெதிராகப் பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார். 1933இல் இடதுசாரி இளைஞர் அதனைக் கையேற்று, சூரியமல் இயக்கத்தை ஏகாதிபத்திய எதிர்ப்பியக்கமாக வளர்த்தனர்.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. மலேரியாக் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். சூரியமல் தொண்டர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். வறுமையால் மெலிந்த உடலே நோய்க்கு எளிதில் இரையாவதை அங்கு அவர்கள் கண்டனர். மாண்டோரின் நினைவு இவ்வாறு உயிரோடிருப்போருக்கான உழைப்பாக மாறியது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களிற் பலர் இவ்வியக்கத்தினரே.

இவ்வரலாற்றோடு 2004க்குத் திரும்புவோம். சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் காலை 7 மணியாகச் சற்றே இருந்தது. கிழக்குக் கரையைப் பேரலை தாக்கியது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின்னரே. பெரலியவில் புகையிரதம் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது அதற்கும் பிந்தி. பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இயங்கி வந்தது. இந்து சமுத்திரத்தின் வறிய கரைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. இப்பேரழிவின் பின்னரே அது அமைக்கப்பட்டது. கடல் பொங்கியது இயற்கை. மீனவன் குடிசைக்கு ஒரு சொல்லும் எட்டாமற் போனதோ மனிதரின் குறை.

அன்று எவரும் எச்சரிக்காத அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைக்கச் செய்யுமாயின், இரண்டு நிமிட மௌனத்துக்குப் பொருள் உண்டு. ஆசிரியர்களும் மாணவர்களும் அம்மௌனத்தைத் தவறாது அனுட்டிக்கட்டும். அது கலைந்ததும் வகுப்பறையில் முதலில் ஒலிக்க வேண்டியது ஒரு கேள்வி: இவர்கள் ஏன் மாண்டனர்? அடுத்த பேரிடரில் நம் கரையோரக் கிராமத்துக்குச் செய்தி எவ்வழியாக எட்டும் என்பதையும் அன்றே தேடி அறிவோம்.