கறி இல்லாத நாளிலும் சத்தான உணவு



சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கறியும் மீனும் வாங்க முடியாத நாட்களில் நம் வீடுகளில் என்ன சமைக்கிறோம்? பெரும்பாலும் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான். வயிறு நிறைகிறது, சத்து கிடைப்பதில்லை. கறி எடுத்த நாளிலும் துண்டுகள் ஆண்களின் தட்டுக்குப் போய்விட, கடைசியில் சாப்பிட உட்காரும் தாய்க்கு மிஞ்சுவது குழம்பு மட்டுமே. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. நம் வீட்டுப் பெண்களும் இதற்கு விலக்கல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இறைச்சி ஹலால். அல்லாஹ் அனுமதித்ததை ஹராமாக்கிக்கொள்ளக் கூடாது (அல்குர்ஆன் 5:87). ஆனால் தினமும் இறைச்சி உண்ண வேண்டும் என்ற கடமையும் இல்லை. ஒரு தையல்காரர் அளித்த விருந்தில் உப்புக்கண்டமும் சுரைக்காயும் சேர்ந்த குழம்பு வைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அதில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). காய்கறி ஏழ்மையின் அடையாளமல்ல.

நோன்புக் கஞ்சி தரும் பாடம்

அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் முழுமையாகிறது. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி இப்படிப்பட்டதுதான். ரமளானில் செய்வதை மற்ற மாதங்களிலும் செய்யலாமே!

கவனிக்க வேண்டியவை

புரதம்: 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் தேவை. 100 கிராம் உலர்ந்த பருப்பு அல்லது பயறில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் (200 மி.லி.) சுமார் 6 கிராம். ரசம் மட்டும் வைக்கும் நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலாவது சேருங்கள்.

இரும்புச்சத்து: கீரை, பயறு வகைகளில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அதற்கு உதவும். சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சுண்ணாம்புச் சத்து: கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் ஆகியவற்றில் நிறைந்துள்ளது.

வைட்டமின் பி12: காய்கறி, பருப்புகளில் இது கிடைக்காது. பால், தயிர், முட்டை அவசியம். அவற்றையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பருப்பு, கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

குடும்பத் தலைவர்களே! உடல் அல்லாஹ் தந்த அமானிதம். மனைவி மக்களின் உடல்நலத்துக்கு நாம் பொறுப்பாளிகள். இன்று உணவு விரிப்பில் எல்லோரும் ஒன்றாக அமருங்கள். வீட்டுப் பெண்களின் தட்டில் பருப்பும் கீரையும் முட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.