ஓரி நாணிய பாட்டு

ஒரே அம்பு. யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைச் சாய்த்து, புள்ளிமானை உருட்டி, பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது. புறநானூற்றின் 152ஆம் பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கப் பாடிய புலவர் வன்பரணர் நேரம் தருவதில்லை. எய்தவன் யார் என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறார். விலைக்கு வேட்டையாடுகிறவன் போலத் தெரியவில்லை, மார்பில் ஆரம் தொங்குகிறது. கொல்லிமலைத் தலைவன் ஓரியோ, வேறு யாரோ?

நேரே கேட்கப் பாணர் கூட்டத்துக்குக் கூச்சம். பாடிப் பார்த்துவிடுவோம் என்கிறார் தலைவர். உடனே காட்டுக்குள் ஒரு கச்சேரிக்கான அமர்க்களம் தொடங்குகிறது. முழவுக்கு மண் பூசு, யாழில் பண்ணை நிறுத்து, யானைத் துதிக்கை போன்ற தூம்பை எடுத்து ஊது, எல்லரியைத் தட்டு, ஆகுளியைத் தட்டு, பதலையில் ஒரு கண்ணை மட்டும் மெல்ல இயக்கு என்று விறலியருக்கு உத்தரவுகள் பறக்கின்றன. இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி முடித்து, கடைசியில் ‘கோ’ என்று விளிக்கிறார்கள். வேட்டுவன் நாணிப்போகிறான். அது அவனுக்குரிய பெயராயிற்றே! பிறகு மான்கறிப் புழுக்கல், உருக்கிய நெய் போன்ற மது, தன் மலையில் பிறந்த பொன், மணி என்று வாரிக் கொடுக்கிறான்.

இந்தப் பாட்டு எங்கிருந்து பிறந்தது என்று பார்க்க இரண்டு எண் பின்னால் போனால் போதும். 150ஆம் பாட்டும் வன்பரணருடையதுதான். அங்கே கொடுப்பவன் தோட்டி மலை நள்ளி. கூதிர்காலத்துப் பருந்தின் நனைந்த சிறகைப் போன்ற கந்தலோடு ஒரு பலாமரத்தடியில் பாணன் சோர்ந்து கிடக்கிறான். மான்களை வீழ்த்திய வேட்டுவன் வருகிறான். எழுந்து வணங்கப் போனவனைக் கையசைத்து உட்காரச் சொல்லி, தன் ஆட்கள் வந்து சேர்வதற்குள் தீக்கடைந்து கறி சுட்டுக் கொடுக்கிறான். போகும்போது மார்பு ஆரத்தையும் கடகத்தையும் கழற்றித் தருகிறான். ஊர் கேட்டால் சொல்லவில்லை, பேர் கேட்டாலும் சொல்லவில்லை. நள்ளி என்று வழியில் பிறர் சொல்லித்தான் தெரிகிறது.

இரண்டிலும் கதை ஒன்றே. காடு, வேட்டுவன், கறி, நகை, மறைந்திருக்கும் பெயர். எழுத்துதான் மாறிவிட்டது. நள்ளிப் பாட்டில் பசி பேசுகிறது, வாத்தியச் சத்தமே இல்லை. கொல்லிப் பாட்டில் பசியைக் காணோம், ஆறு கருவிகள் முழங்குகின்றன. பெயரைப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை, பாட்டே அதைப் பிடுங்கிவிடுகிறது. கேட்காமலே வாங்கியவர் சீண்டி வாங்கக் கற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? ராக் பாடலாசிரியர்களை ஆராய்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, ஆல்பத்துக்கு ஆல்பம் வருஷம் அச்சாகியிருக்கும். 1965 ஜூலையில் பாப் டிலன் நியூபோர்ட் மேடைக்கு எலெக்ட்ரிக் கிதாரோடு வந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. அதற்கு முன், அதற்குப் பின் என்று கோடு போட்டுவிடலாம். வன்பரணருக்கு அப்படிப்பட்ட தேதி கிடையாது. புறநானூற்றில் ஆறு பாட்டு, நற்றிணையில் ஒன்று, அவ்வளவுதான். வரிசை எண்களும் தொகுத்தவர்கள் போட்டவை.

ஆனால் வயிறு நிறைந்த பாடகனுக்கு என்ன ஆகும் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நள்ளி கொடுத்த கொடையில் எம்மவர்கள் மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் வாசிக்கிறார்கள், எந்த நேரத்துக்கு எந்தப் பண் என்பதே மறந்துபோயிற்று என்கிறது ஐந்தே அடி கொண்ட 149. ஓரியைப் பாடும் 153 இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெள்ளி நாரில் கட்டிய மணிக்குவளைப் பூவும் யானைகளும் பெற்று வந்த சுற்றத்தார்க்குப் பசியே எடுக்கவில்லை. ஆட்டமும் வரவில்லை, பாட்டும் மறந்துவிட்டது. புகழ்ச்சி என்றுதான் உரைகாரர்கள் படிப்பார்கள். புகழ்ச்சிதான், ஆனால் பாட்டை விற்றுப் பிழைப்பவன் வாயிலிருந்து வரும்போது அதில் கொஞ்சம் புகாரும் கலந்திருக்கிறது.

ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு 209. இன்று நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழா எடுக்கிறது. வன்பரணர் ஓரிக்குப் பாடிய இரங்கற்பா எதுவும் தொகையில் இல்லை.

இறந்தவனுக்கு அழும் பாட்டு அவருடையதாக ஒன்றே ஒன்று உண்டு, 255. ஆறே அடி. மாண்டவனுக்கும் பெயரில்லை, அழுபவளுக்கும் பெயரில்லை. வாய்விட்டு அலறினால் புலி வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். அகன்ற மார்பைத் தூக்கிச் செல்லவும் அவளுக்கு வலுவில்லை. என் வளைக்கையைப் பிடித்துக்கொள், மலை நிழல்வரை கொஞ்சம் நட என்று கேட்கிறாள். வள்ளல் இல்லை, பரிசில் இல்லை, தட்ட ஒரு ஆகுளிகூட இல்லை. வயது வரிசையில் அடுக்கச் சொன்னால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். முப்பது அடிக்குமேல் வாத்தியம் கட்டி முழக்கத் தெரிந்த பிறகுதான் ஒருவருக்கு இவ்வளவையும் கீழே வைக்கத் துணிச்சல் வரும்.