திம்னாவின் வழக்கு

பல இனத்தாரின் பழங்கதைகளை ஒப்பிட்டு ஆராய்வோர் முதற்கண் காண்பது ஒற்றுமையையே. ஜெர்மானிய அறிஞர் தியோடர் பென்ஃபை 1859இல் பஞ்சதந்திரத்தைத் தம் மொழியில் பெயர்த்தபோது, இந்தியக் கதைகள் மேற்றிசை சென்ற தடத்தை மிக விரிவாக ஆராய்ந்தார். அன்று முதல், எக்கதை எங்கிருந்து எங்குச் சென்றது என்ற கேள்வியே பலரை ஆட்கொண்டது. பயனுள்ள கேள்விதான். ஆயினும் கதை எங்கே மாறியது, ஏன் மாறியது என்பதே அதனினும் சுவையான கேள்வி என்பது என் எண்ணம். 'கலீலா வ திம்னா' அதற்குத் தக்க சான்று.

பாரசீக மன்னர் அனூஷர்வான் (ஆட்சி 531–579) காலத்தில், புர்ஸோய் என்னும் மருத்துவர் வடமொழிக் கதைகளைப் பஹ்லவி மொழியில் ஆக்கினார். அந்நூல் இன்று இல்லை. அதனினின்று எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் யாத்த நூலே உலகெங்கும் பரவியது. வடமொழியின் கரடகனும் தமனகனும் அரபியில் கலீலாவும் திம்னாவும் ஆயினர்.

கதையை யாவரும் அறிவர். சூழ்ச்சிக்கார நரி, நண்பர்களாகிய சிங்கத்தையும் எருதையும் பகைக்கச் செய்கிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. வடமொழி நூலில் தமனகன் வருந்தும் அரசனைத் தேற்றி, அமைச்சனாகவே வாழ்கிறான். அது அரசியல் நூல். வென்றவனின் சாமர்த்தியத்தைக் காட்டுவதோடு அமைகிறது.

அரபி நூலிலோ அடுத்து ஒரு முழு அத்தியாயம் வருகிறது: திம்னாவின் விசாரணை. இதனைச் சேர்த்தவர் இப்னுல் முகஃப்பஃவே என்பது அறிஞர் பலரின் துணிபு. கலீலா திம்னாவை இரவில் கடிந்துரைத்ததைச் சிறுத்தை ஒட்டுக்கேட்டு, அரசனின் தாயிடம் இரகசியமாகச் சொல்கிறது. தாய் வற்புறுத்தியும், செவிவழிச் செய்தியை மட்டும் நம்பித் தண்டிக்கச் சிங்கம் இசையவில்லை. வழக்கு காழியின் முன் செல்கிறது. அவையில் பன்றித் தலைவன் திம்னாவின் கண்ணையும் மூக்கையும் சுட்டிச் சாமுத்திரிகம் பேசுகிறான். உடற்குறியே குற்றத்தைக் காட்டுமாயின் நற்செயலுக்குப் பரிசும் தீச்செயலுக்குத் தண்டனையும் எதற்கு என்று திம்னா மடக்குகிறான். குற்றவாளியின் வாயிலிருந்தே இவ்வளவு நேரிய வாதம்! முடிவில் சிறுத்தை வெளிப்படையாகச் சாட்சி சொல்கிறது. சிறையிலிருந்த மற்றொரு விலங்கும் தான் கேட்டதைச் சொல்ல முன்வருகிறது. இதுவரை ஏன் மறைத்தாய் என வினவ, ஒருவர் சாட்சியால் தீர்ப்பு உறுதியாகாது என அறிந்தே வாளாவிருந்தேன் என்கிறது. இரு சாட்சிகள் கிடைத்த பின்னரே திம்னாவுக்கு மரண தண்டனை. ஃபிக்ஹு நூல்களில் சாட்சியத்தின் பாடத்தை ஓதியவர்க்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இதனை எழுதியவருக்கு அத்தகைய விசாரணை வாய்க்கவில்லை. கலீஃபா மன்ஸூரின் சிற்றப்பருக்கு வழங்க வேண்டிய அடைக்கலப் பத்திரத்தை அவர் கடுமையான வாசகங்களில் வரைந்தது கலீஃபாவின் சினத்தைக் கிளறியது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கி.பி. 757 அளவில் பஸராவில் அவர் கொடுமையாகக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதும் நிறையவில்லை என்பர்.

1251இல் காஸ்டிலிய மொழிக்கும், எபிரேயத்தின் வழியே இலத்தீனுக்கும் சென்றது அரபி நூலே. தமிழில் பெரிதும் வழங்கிய தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரமோ 1826இல் மராட்டியிலிருந்து பெயர்க்கப்பட்டது. இரு மொழியும் அறிந்த நம் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும். முதலில் திறக்க வேண்டியது, சிங்கம் எருதைக் கொன்றபின் வரும் பக்கம்.