கடல் தந்த மகள்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் மரபுவரலாற்றில் ஆடகசவுந்தரியின் கதை சிறப்பிடம் பெறுவதாகும். கலிங்க அரசனுக்குப் பிறந்த அப்பெண்மகவு தீநிமித்தமெனக் கருதப்பட்டுப் பேழையுள் வைத்துக் கடலில் விடப்பட்டது. உன்னாசகிரி மன்னன் மனுநேயகயவாகு அதனை மீட்டு மகளாக வளர்த்தான். காத்ததோடு அமையாது தன் அரசுரிமையையும் அவளுக்கே அளித்தான் என்பது மரபு.

கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சம் கூறும் விகாரமகாதேவியும் பொற்கலத்தில் கடலில் விடப்பட்டவளே. ஆயின், அவள் கரைசேர்ந்ததும் காவந்தீசனின் தேவியாகின்றாள். ஆடகசவுந்தரியோ முதலில் மகளாகி, பின்னர் தன்னுரிமையில் அரசியாகின்றாள். குளக்கோட்டனை மணத்தலும் கந்தளாய்க் குளம் எழுதலும் அதன் பின்னரே நிகழ்கின்றன.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்த பின்னரும் இம்மரபு அழியவில்லை. சமகாலச் சான்றில்லாத இதனை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், அரசுரிமைக்குக் குருதியுறவு இன்றியமையாததன்று என்னும் எண்ணம் இம்மண்ணில் வேரூன்றியிருந்தமையை இக்கதை உணர்த்துகின்றது.