பொன்னியின் செல்வனும் கும்மிடிப்பூண்டி லோக்கலும்

பொன்னியின் செல்வனை நான் முழுசா படிச்சது கும்மிடிப்பூண்டி லோக்கல்லதான். கல்கி மறுபடியும் தொடரா போட்டப்போ பாட்டி கிழிச்சு பைண்டு பண்ணி வச்ச ஐந்து பாகம். ஆபீஸ் போகும்போது ஒரு அத்தியாயம், திரும்பும்போது ஒண்ணு. பொன்னேரி வர்றதுக்குள்ள ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்திடுவார் மனுஷன்!

1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. காத்திருக்க வைக்கிறதுதான் அதோட கட்டுமானமே. ஆனா எல்லாரும் சினிமாவைத்தான் நினைச்சாங்க. 1958-ல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினார், நடக்கலை. கமலும் முயற்சி பண்ணினார். கடைசியில் மணிரத்னம் 2022, 2023-ல் ரெண்டு படமா முடிச்சார். எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் பாட்டி கேட்டது: "மணிமேகலை எங்கடா? சேந்தன் அமுதனுக்கு ஏன் பட்டம் கட்டலை?" பதில் சொல்ல முடியலை.

டிவின்னா இதுக்கெல்லாம் இடம் இருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளை 90-களில் நாகா 'மர்மதேசம்'னு எடுத்து வாராவாரம் காக்க வச்சாரே! பயம் என்னன்னா, மெகா சீரியல்காரங்க கையில் மாட்டினா வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டவே ஆறு மாசம் ஆகும். நந்தினி முகத்துக்கு மூணு தடவை ஜூம் வேற (இடி சத்தத்தோட).

பாட்டிக்கு இப்போ எண்பத்தி நாலு. எடுக்கிறவங்க கொஞ்சம் சீக்கிரம் எடுங்கப்பா.