எச்சிஜி ஊசி சர்ச்சை
கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எச்சிஜி என்னும் ஹார்மோனை, உடல் எடையைக் குறைக்கும் ஊசியாகப் பரப்பியவர் மருத்துவர் ஆல்பர்ட் சிமியன்ஸ். இந்தியாவில் பணியாற்றியபின் ரோமில் மருத்துவம் செய்த அவர், 1954இல் லான்செட் இதழில் தம் முறையை வெளியிட்டார். நாள்தோறும் ஓர் ஊசி. உணவோ 500 கலோரி மட்டுமே. அவ்வளவு குறைவாக உண்டால் ஊசி இல்லாமலே எவரும் மெலிவரே என்றனர் எதிர்ப்பாளர்கள். ஊசி பசியை அடக்குகிறது என்றது சிமியன்ஸ் தரப்பு. இதைச் சோதிக்கச் சிலருக்கு எச்சிஜியும் சிலருக்கு வெறும் உப்புநீரும், எது எதுவென்று சொல்லாமல், ஊசிமூலம் செலுத்தப்பட்டன. பெரும்பாலான ஆய்வுகளில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவே மெலிந்தனர். 1970களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், எடைக் குறைப்பில் இதன் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மருந்தின் விவரச்சீட்டிலேயே அச்சிட வைத்தது. விற்பனை ஓயவில்லை, 2011இல் எச்சிஜி சொட்டுமருந்து விற்ற நிறுவனங்களுக்கு அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.