பால் காட்டாச் சொற்கள்: பினாங்கு வழக்கும் தமிழ் மரபும்

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில், குயின் தெருவும் சூலியா தெருவும் கூடும் இடத்தில் சற்றே நின்று செவிமடுப்பார்க்கு நான்கு மொழிகள் ஒருங்கே கேட்கும். இன்னும் வந்து சேராத ஒருவரைப் பற்றிப் பேச்சு நிகழ்வதாகக் கொள்ளலாம். மலாய்க்காரர் அவரை 'டியா' என்பர். ஹொக்கியன் பேசும் சீனர் 'இ' என்பர். வரவேண்டியவர் ஆணா பெண்ணா என்பது இச்சொற்களால் விளங்காது. விளக்க வேண்டும் என்று அம்மொழிகள் கேட்பதும் இல்லை. ஆங்கிலம் பேசுவோர் 'ஹீ' என்றோ 'ஷீ' என்றோ பிரித்துச் சொல்வர். தமிழர்க்கோ இரண்டு செய்திகள் தெரிந்தாக வேண்டும். ஆணா பெண்ணா என்பது ஒன்று. மதிப்புக் கொடுத்துப் பேச வேண்டியவரா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தெளிந்த பின்னரே அவன், அவள், அவர் என்னும் மூன்றனுள் ஒன்று நாவில் எழும்.

பால் காட்டாமல் ஒருவரைச் சுட்டும் சொல் தமிழில் உண்டா? உண்டெனில், அச்சொல் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது? இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்குப் பினாங்கைப் போல் ஏற்ற ஊர் அரிது.

பல மொழி கூடிய துறைமுகம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பார், கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்த இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருட்டுக் கைக்கொண்டார். சோழமண்டலக் கரையினின்றும் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் சூலியர் எனப்பட்டனர். சூலியா தெருவின் பெயர் அவர்களால் வந்தது. 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் தோன்றின. 1816 அக்டோபர் 21 அன்று தொடங்கிய பினாங்கு ஃபிரீ பள்ளியைச் சார்ந்து நடந்த தமிழ் வகுப்பே மலேசியத் தமிழ்க் கல்வியின் தோற்றுவாய் எனக் கொள்ளப்பட்டு, 2016இல் அதன் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது.

இங்ஙனம் நெடுங்காலம் கூடி வாழ்ந்த மொழிகள் ஒன்றுக்கொன்று சொற்களைக் கடனாகக் கொடுத்தன. தமிழில் கடை என்பது மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் என்பது 'கப்பால்' ஆயிற்று. அண்ணே, தம்பி என்னும் முறைச்சொற்களைத் தமிழர் அல்லாதாரும் விளிச்சொற்களாக ஆள்வது மலேசியாவில் இயல்பு. இம்முறைச்சொற்கள் பால் காட்டுவன. ஆயினும் அவன், அவள் என்னும் பிரிவு மலாயில் புகவே இல்லை. சொல் எளிதில் கடல் கடக்கும். இலக்கணம் அங்ஙனம் கடப்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

மலாயும் சீனமும்

மலாய் மொழியில் 'டியா' இருபாலார்க்கும் பொது. அறிஞரையும் தலைவரையும் ஆசிரியரையும் மதிப்போடு சுட்டுங்கால் 'பெலியாவ்' என்பர். அரசரையும் அரசியையும் 'பகிண்டா' என்பர். இவையும் ஆண், பெண் இருவர்க்கும் பொதுவானவையே. எனவே மலாய்ச் சுட்டுப்பெயர் தகுதியைப் பிரிக்கும், பாலைப் பிரிக்காது. வினைச்சொல்லும் அத்தகையதே. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என வினையே பால் காட்ட, மலாய் வினை எவர்க்கும் ஒரே வடிவில் நிற்கும்.

மலாயில் பால் காட்டும் சொல்லிணைகள் சில உண்டு. 'புத்ரா, புத்ரி' என்பன இளவரசனையும் இளவரசியையும், 'டேவா, டேவி' என்பன ஆண் தெய்வத்தையும் பெண் தெய்வத்தையும் குறிப்பன. இவை வடமொழியினின்றும் சென்றவை. உடன்பிறப்பு என்னும் பொதுப்பொருளில் வழங்கிய 'சவுடாரா' என்பதற்கு, இவ்வமைப்பைப் பின்பற்றிச் 'சவுடாரி' என்னும் பெண்பால் வடிவம் பிற்காலத்தே அமைக்கப்பட்டது. பால் பிரிக்கும் பழக்கம் அம்மொழிக்கு வெளியினின்று வந்தது என்பது நோக்கத்தக்கது.

சீனத்தின் வரலாறு இதனினும் வியப்புடையது. பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சுட்டுப்பெயர்தான். எழுத்திலும் நெடுங்காலம் ஒரே வடிவம் இருந்தது. மேலைநாட்டு நூல்களை மொழிபெயர்க்கப் புகுந்தோர்க்கு 'ஷீ' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் வேண்டியிருந்தது. 1920ஆம் ஆண்டையொட்டி லியு பன்னொங் என்னும் புலவர், பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்த ஒரு தனி எழுத்தைப் பரப்பினார். அது நிலைபெற்றது. ஆயினும் வட சீனப் பொதுமொழியில் இரண்டு எழுத்துக்கும் ஒலிப்பு ஒன்றே. அந்தப் பால்வேறுபாட்டைக் கண் காணும், காது கேளாது.

ஆங்கிலத்தின் இடர்ப்பாடு

சீனர் பால் பிரிக்கும் எழுத்தை ஆங்கிலத்தைப் பார்த்து அமைத்துக்கொண்டனர். ஆங்கிலேயரோ தம் பால்பிரிவால் இடர்ப்பட்டனர். ஒரு சட்டம் 'ஹீ' என்று எழுதினால் அது பெண்ணைக் கட்டுப்படுத்துமா? இவ்வையத்தை நீக்க, 1850இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று விதித்தது. மலேசியாவின் 1948, 1967ஆம் ஆண்டுகளின் பொருள்கோள் சட்டங்களும் அவ்விதியைக் கூறுகின்றன.

1807ஆம் ஆண்டின் அரச பட்டயத்தால் பினாங்கில் நீதிமன்றம் அமைந்தது. பல மொழி வழங்கும் ஊரில் அமைந்த மன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு சிறு செய்தி அன்று. மலாய்ச் சாட்சி 'டியா அடித்தது' என்ற பொருளில் கூறின், அதனை ஆங்கிலத்தில் சொல்லுமுன் அடித்தவர் ஆணா பெண்ணா என வினவியே அறிதல் வேண்டும். தமிழ்ச் சாட்சி 'அவர் சொன்னார்' எனினும் அதே வினா எழும்.

அண்மைக் காலத்தில் மேலைநாட்டார் தம் மொழியில் பொதுச்சொல் தேடுகின்றனர். பலரைக் குறிக்கும் 'தே' என்னும் ஆங்கிலச் சொல் ஒருவர்க்கும் ஆளப்படுதல் பல நூற்றாண்டுப் பழமையுடையது. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் அதனை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. சுவீடன் நாட்டில் 'ஹென்' என்னும் புதுச்சொல் 2015இல் அந்நாட்டுக் கழகத்தின் சொற்பட்டியலில் இடம்பெற்றது.

தமிழின் பழஞ்செல்வம்

தமிழ் இவ்வாறு புதுச்சொல் தேடவேண்டிய நிலையில் இல்லை. நான், நீ, தான் என்பன எக்காலத்தும் ஆண், பெண் வேறுபாடு காட்டியன அல்ல. படர்க்கையில் ஐம்பாலுள் பலர்பாலாகிய அவர் என்பது ஆடவர்க்கும் மகளிர்க்கும் பொது. 'ஒருவர்' என்னும் சொல் ஆண், பெண் என்னும் இருபாற்கும் உரியது என்றும், அது பன்மை வினை கொண்டு முடியும் என்றும் தொல்காப்பியர் பெயரியலில் கூறுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அதனை வழிமொழிந்தார். ஆங்கிலம் இன்று 'தே' என்பதைக் கொண்டு செய்வதைத் தமிழ் ஈராயிரம் ஆண்டளவாகச் செய்து வருகிறது எனலாம்.

ஒருவரை மதிப்பின் பொருட்டுப் பன்மையாற் கூறுவது பற்றித் தொல்காப்பியர் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அஃது உலக வழக்கில் தோன்றிய உயர்சொல் என்றும், இலக்கண நெறியில் பிறந்தது அன்று என்றும் அவர் தெளிவுறுத்துகின்றார். இலக்கண நூலார் விதித்து மக்கள் ஏற்றுக்கொண்டதன்று இச்சொல்லாட்சி. மக்கள் ஆண்டதை இலக்கணம் ஏற்றுக்கொண்டது.

பின்னர் 'அவர்' என்பதன்மேல் 'கள்' ஏறி 'அவர்கள்' ஆயிற்று. திருக்குறளிலேயே மற்றையவர்கள், பூரியர்கள் என்னும் வடிவங்கள் உள. பழைய இலக்கணத்தில் 'கள்' அஃறிணைப் பன்மைக்கு உரிய ஈறு. விலங்கிற்கும் பொருளுக்கும் உரிய ஈறு, இன்று மேடையில் தலைவரின் பெயருக்குப் பின் நின்று பெருமதிப்புத் தருகிறது. வழக்கின் ஆற்றல் இத்தகையது.

தமிழின் உடன்பிறந்த மொழிகள் வேறு வழிகளில் சென்றன. தெலுங்கில் 'அதி' என்னும் ஒருமைச் சுட்டு அஃறிணைப் பொருளையும் சுட்டும், பெண்ணையும் சுட்டும். பன்மையில் பெண்டிர் ஆடவரோடு ஒருங்கு எண்ணப்படுவர். மலையாளத்தில் அவன், அவள் என்னும் பெயர்கள் இருக்க, வினையில் பால் காட்டும் ஈறுகள் மறைந்தன.

மதிப்பு என்னும் வாயில்

பழஞ்செல்வம் உண்டு என்று மகிழ்ந்து அமைந்துவிடுதல் போதாது. 'அவர்' என்னும் சொல் மதிப்பின் வாயிலாகவே ஒருமைக்கு வந்தது. ஆதலின், யாருக்கு மதிப்பு மறுக்கப்பட்டதோ அவருக்குப் பொதுச்சொல்லும் மறுக்கப்பட்டது.

இதனை வீட்டிலேயே காணலாம். மனைவி கணவன் பெயரைச் சொல்லாது 'அவர்' என்பாள். கணவன் அவளை 'அவள்' என்பான். ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், இருபாற்கும் பொதுவான சொல் ஒருபாற்கே உரியதாய் முடிகிறது. பேச்சுத் தமிழில் பெண்ணை மதித்துக் கூற 'அவங்க' என்பதே பெரிதும் வழங்க, 'அவரு' என்றவுடன் ஆடவரே நினைவுக்கு வருவதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. எழுத்தில் பொதுவாய் நிற்கும் சொல் பேச்சில் ஆண்பால் மணம் பெற்றுவிட்டது.

வீட்டுக்கு வெளியிலும் இதுவே நிலை. பினாங்கின் எதிர்க்கரையாகிய புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர் கொணரப்பட்டனர். தொழிலாளரை எண்ணும் சொல் 'ஆள்' என்பது. ஆண் ஆள், பெண் ஆள் என இருபாற்கும் பொதுவாகிய இச்சொல்லும் பால் காட்டாச் சொல்லே. ஆனால் அதில் மதிப்பு இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. பால் காட்டாமை தானே பெருமை ஆகாது என்பதற்கு இது சான்று. பெரியார் ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் மலாயா வந்தபோது பினாங்கிலும் பரவிய இயக்கத்தின் பெயர் சுயமரியாதை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மரியாதை பிறப்பால் வருவதன்று என்னும் கருத்து, யாரை அவன் என்பது, யாரை அவர் என்பது என்னும் கேள்வியையும் தன்னுள் கொண்டதே.

பழைய இலக்கணத்திலும் இதன் நிழல் உண்டு. உயர்திணைப் பொருள் தந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களாகத் தொல்காப்பியர் எண்ணுவனவற்றுள் அரசு, அடிமை, மகவு, குழவி என்பன உள. 'குழந்தை அழுகிறது' என்னும் இன்றைய வழக்கு அதன் வழிவந்தது. அரசும் அடிமையும் ஒரே வரிசையில் நிற்பது இலக்கணத்தில் மட்டுமே நிகழக்கூடிய சமன்மை போலும்!

ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொற்களையும் இலக்கண ஆசிரியர் மறந்திலர். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால் ஈறுகளே பொருந்தும் என்றும் தொல்காப்பியர் கூறினார். நன்னூலார் அஃறிணை முடிபுக்கும் இடங்கொடுத்தார். இக்காலத்தே திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் பெருவழக்குப் பெற்றன. 2008இல் தமிழ்நாட்டரசு அவர்க்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் இந்திய உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 'அது' என்று இழித்துக் கூறிய வாய்களுக்கு 'அவர்' என்னும் சொல் முன்பே கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. எடுத்து வழங்க மனம் இல்லாதிருந்ததே குறை.

வகுப்பறையில் ஒரு சோதனை

பினாங்கு மாநிலத்தில் இருபத்தெட்டுத் தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் பிள்ளைகள் மலாயும் தமிழும் ஒருங்கே கற்பவர். இரண்டு மலாய்த் தொடர்களை அவர்முன் வைக்கலாம். ஒன்று 'டியா குரு' என்பது; குரு என்பது ஆசிரியரைக் குறிக்கும். மற்றொன்று 'டியா துக்காங் கெபுன்' என்பது. அது தோட்ட வேலை செய்பவரைக் குறிக்கும். மலாயில் இருவர்க்கும் 'டியா' என்னும் சொல் ஒன்றே. தமிழில் முதலாவதை 'அவர் ஆசிரியர்' என்றும், இரண்டாவதை 'அவன் தோட்டக்காரன்' என்றும் ஒரு பிள்ளை எழுதக்கூடும். தோட்ட வேலை செய்பவர் ஆண் என்பதும், மதிப்புக்கு உரியவர் அல்லர் என்பதும் மூலத்தில் யாண்டும் இல்லை. மொழிபெயர்ப்பிடையே அவை தாமே நுழைந்தன.

செய்தித்தாளிலும் இந்நிலை நேரும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரைப் பற்றிய மலாய்ச் செய்தி 'டியா' என்று நின்றுவிடும். தமிழில் 'அவன்' என்று எழுதுங்கால், நீதிமன்றம் தீர்ப்புக் கூறுமுன் சுட்டுப்பெயர் தீர்ப்புக் கூறிவிடுகிறது. 'அவர்' என்று எழுதுவதால் குற்றம் மறைந்துவிடாது. வழக்கு முடியும் வரை ஒருவர் ஒருவராகவே நிற்பர்.

ஆதலின் தமிழாசிரியர் செய்யத்தக்கது எளிது. அவன், அவள் என்னும் சொற்களை நீக்க வேண்டுவதில்லை. அன்பிலும் உரிமையிலும் அவை இனியவை. நண்பனை 'அவர்' என்றால் நட்பே விலகிப்போம். ஆனால் இன்னார் என்று அறியாத ஒருவரை, ஆணோ பெண்ணோ, உயர்ந்த பணியினரோ எளிய பணியினரோ, 'அவர்' என்று சுட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தருதல் வேண்டும். மக்கள் வழக்கில் தோன்றிய உயர்சொல் என்று தொல்காப்பியர் கண்ட அச்சொல், மக்கள் அனைவர்க்கும் உரியதாதல் முறையே அன்றோ?